சூளையில் இருக்கும் எங்களையும் எண்ணக் கோரி மனு

அனுப்புநர்:
இருளர் குடியிருப்பு மக்கள்

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் மற்றும் முதன்மை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: செங்கல் சூளைகளில் தங்கி வேலை செய்யும் குடும்பங்களைக் கணக்கெடுப்பில் விடாமல் சேர்ப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பொங்கல் முடிந்ததும் மேஸ்திரியோடு சூளைக்குப் போனால் ஆடி பிறக்கும்போதுதான் ஊர் திரும்புவோம். 2011 பிப்ரவரியிலும் அப்படித்தான் போயிருந்தோம். முந்தைய வருடம் வீட்டுப் பட்டியல் எடுத்தவர்கள் எழுதிய எண் எங்கள் வாசல் நிலையில் இருந்தது. ஆனால் ஆட்களை எண்ண வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. சரி, சூளைக்காவது வந்தார்களா என்றால், அங்கும் யாரும் வரவில்லை. என் அம்மா, இரண்டு தம்பிகள், நான் என நான்கு பேரும் எந்தக் கணக்கிலும் இல்லை.

சட்டமன்றத்தில் எங்களைப் போன்ற பழங்குடியினருக்கான தனித்தொகுதிகள் மக்கள்தொகை விகிதப்படிதான் ஒதுக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் முன்பு 3 இருந்தன. 2001 கணக்கை வைத்து நடந்த தொகுதி எல்லை மறுவரையறையில் உப்பிலியாபுரம் போய், ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டும் நின்றன. அந்தக் கணக்கில் பழங்குடியினர் சுமார் 6.51 லட்சம் பேர். சட்டமன்றத்தின் 234 இடங்களில் அந்த விகிதத்துக்கு வருவது இரண்டரை இடத்துக்குச் சற்றுக் குறைவு, அதனால் இரண்டாகிவிட்டது. எண்ணாமல் விட்டவர்களையும் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை. ஒருமுறை வரைந்த எல்லை வருடக்கணக்கில் மாறுவதும் இல்லை. 2011-ல் புதிய கணக்கு வந்த பிறகும் 2008-ல் வரைந்த தொகுதிகளில்தான் ஓட்டுப் போட்டோம்.

இந்த முறை கணக்கெடுப்பின் குறிப்பு நாள், அதாவது எந்த நாள் நிலவரப்படி ஆட்களை எண்ணுகிறார்களோ அந்த நாள், 2027 மார்ச் 1. அப்போதும் சூளையில்தான் இருப்போம். அதனால் மாவட்டத்தில் உள்ள சூளைகளை இப்போதே பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு கணக்கெடுப்பாளரின் பொறுப்பில் கொடுக்க வேண்டும். நடுராத்திரியில் கல் அறுக்கத் தொடங்குவோம். மதியத்துக்கு மேல் வந்தால் பிள்ளைகளோடு எல்லோரும் குடிசையில் இருப்போம். வெளிமாவட்டச் சூளைகளுக்குப் போனவர்கள் பற்றி அந்தந்த ஆட்சியருக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். அப்புறம், சாதிச் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காக யாரையும் வேறு பிரிவில் எழுதிவிடக் கூடாது. கணக்கெடுப்புக்குச் சான்றிதழ் தேவையில்லை, நாங்கள் இருளர் என்று சொன்னால் அப்படியே பதிய வேண்டும் என்பதைப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிவிடக் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் குடியிருப்பிலிருந்து எந்தெந்தக் குடும்பம் எந்தச் சூளைக்குப் போகிறது என்ற பட்டியலைப் பொங்கலுக்கு முன் நாங்களே எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்பு மக்கள் சார்பாக
(கையொப்பங்களும் கைரேகைகளும்)