நான்காவது முள்

அன்புள்ள மாமா,

உங்கள் முதலாண்டுத் திதி நேற்று முடிந்தது. உங்கள் கடிகாரப் பழுதுபார்ப்புக் கடையிலிருந்த சுவர்க்கடிகாரத்தை அத்தையிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். அதன் பித்தளைத் தகடுகளை அறுத்து மூன்று சக்கரங்கள் வெட்டப்போகிறேன். நாம் சேர்ந்து செய்த கால இயந்திர மாதிரியில் நீங்கள் ஓடாமல் விட்ட நான்காவது முள்ளுக்காக என்று உங்களுக்குத் தெரியும். நம் உறவினர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால், அந்தக் கடிகாரத்தைப் பற்றிக் கூடத்தில் எழுந்த பேச்சை இங்கே எழுதவில்லை. அத்தை கொடுத்தார்கள், நான் வாங்கிக்கொண்டேன்.

எச்.ஜி. வெல்ஸ் 1895இல் வெளியிட்ட நாவலின் கால இயந்திரத்துக்கு நான்கு டயல்கள் உண்டு என்று உங்களுக்கு வாசித்துக் காட்டிய அந்தப் பிற்பகல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் டயல் நாட்களைக் காட்டும். அடுத்தது ஆயிரம் நாட்களை, மூன்றாவது பத்து லட்சம் நாட்களை, கடைசி டயல் நூறு கோடி நாட்களை. கண்ணிலிருந்த ஐகிளாஸை, அந்த உருப்பெருக்கியை, கழற்றாமலே பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டீர்கள். ஒரு டயலுக்கும் அடுத்ததற்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். 8 பல் பினியன், அதாவது சின்னப் பற்சக்கரம், 80 பல் சக்கரத்தைச் சுற்றினால் வேகம் பத்தில் ஒன்றாகும். ஆகவே டயலுக்கு டயல் மூன்று ஜோடி, மொத்தம் ஒன்பது ஜோடி. பிறகு பத்து லட்சம் நாள் என்பது ஏறத்தாழ 2,738 ஆண்டு என்று வகுத்துப் பார்த்து, "மூன்றாவது முள் ஒரு கோடு தாண்டுவதற்குள் கீழடி வந்துவிடும், பாப்பா" என்று சொன்னபோது, கடையில் காத்திருந்த வாடிக்கையாளரை நீங்கள் மறந்தே போயிருந்தீர்கள். என் விளையாட்டை நீங்கள் வேலையாக ஏற்றுக்கொண்ட நாள் அது. அதற்காக உங்களை எவ்வளவு நேசித்தேன் என்று நேரில் சொன்னதில்லை.

ஆனால் ஆறாவது ஜோடியோடு நிறுத்திவிட்டீர்கள். கீழடி வரை போனால் போதும் என்றீர்கள். முதல் முள்ளை விநாடிக்கு ஒரு முறை சுற்றினாலும் நான்காவது முள் ஒரு முழுச்சுற்று வர 31 ஆண்டுகளுக்கு மேலாகும். ஓடுவதை யாரும் பார்க்கப்போவதில்லை என்று சொல்லி அதைப் பசை வைத்து ஒட்டினீர்கள். பழுதான கைக்கடிகாரங்களின் சக்கரங்களை நான் பதக்கமாகவும் விளக்காகவும் ஒட்டியபோது, ஓடாத சக்கரத்தைப் பலகையில் ஒட்டுவது தொழிலுக்கே அவமரியாதை என்று கடை வாசலில் நாலு பேர் முன்னால் என்னைக் கண்டித்தவர் நீங்கள்தான். கொலுவில் விளாச்சேரிப் பொம்மைகளுக்கு நடுவே அந்த இயந்திரத்தைப் பார்த்து வியந்தவர்களிடம், வர்ணம் பூசியது மட்டும் மருமகள் என்று சொன்னவரும் நீங்கள்தான். சக்கரங்களுக்கு அரம் போட்ட விரல்கள் யாருடையவை, மாமா?

இப்படி எழுதும்போதே, ஊசி முனையில் ஒரு சொட்டு எண்ணெயை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, என் கைக்குப் பழக்கிக் கொடுத்த உங்கள் கை நினைவுக்கு வருகிறது.

நான்காவது டயல் அலங்காரமன்று. கதையின் பயணி மூன்று கோடி ஆண்டுகளுக்கும் அப்பால், சூரியன் சிவந்து அணைந்துகொண்டிருக்கும் ஒரு கடற்கரைக்குப் போகிறான்; அது 1,000 கோடி நாட்களுக்கும் மேற்பட்ட தூரம். அந்த முள் ஓடாவிட்டால் இயந்திரம் அங்கே போகாது. பல்லிடுக்கிலுள்ள தளர்வு நீங்கி அந்த முள் அசையவே பல காலம் பிடிக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். பிடிக்கட்டும். சக்கரம் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

உங்கள் கடிகாரத்தை அறுப்பதற்காக என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அதை ஓட்டும் சுருள்வில்லான மெயின்ஸ்பிரிங் அறுந்த பிறகு, பார்க்கலாம் என்று அதை அப்படியே மாட்டி வைத்திருந்தவர் நீங்கள். ஓடக்கூடிய எச்.எம்.டி. கைக்கடிகாரம் எதையும் நான் பிரிக்கவில்லை. தொழிற்சாலைகளே மூடப்பட்டுவிட்ட அவற்றின் அருமை எனக்குத் தெரியும். நல்ல தடிமனான பித்தளை வேறு எங்கும் கிடைக்காது என்று சொல்லமாட்டேன், கடையில் கிடைக்கும். இந்தப் பித்தளைதான் வேண்டும் என்று நினைத்தேன்.

இயந்திரத்தை விலைக்குக் கேட்டவர்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். மூன்று சக்கரங்களும் புரட்டாசிக்குள் முடியாது, முடியாமல் அதைக் கொலுப்படியில் வைக்கவும் மாட்டேன். நீங்கள் ஒட்டிய முள்ளை நேற்று இரவே பெயர்த்தெடுத்துவிட்டேன்.

உங்கள் மருமகள்