அக்கா, இந்த முறை ஜிப் இடப்பக்கம்

அக்கா,

ஸ்லீப்பிங் பேக், மலைக்குளிரில் உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் பை, வாங்கிவிட்டேன். உனக்குத்தான். டிசம்பர் முதல் வாரம் பாப்பா வரும்போது அவள் பெட்டியில் வருகிறது. முன்னாலேயே சொல்லியிருந்தால் "எனக்கு எதுக்குடா அதெல்லாம்" என்று தடுத்திருப்பாய், அதனால் காசு கொடுத்து முடித்த பிறகு சொல்கிறேன். போனில் சொல்லாமல் இங்கே எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. உத்தராகண்டில் நாம் ஏறப்போன அந்தப் பனிமலை, கேதார்காந்தா பேச்சை நான் எடுத்த ஒவ்வொரு முறையும் நீ "சாப்பிட்டியா" என்று கேட்டு வேறு எங்கோ போய்விடுகிறாய். எழுதினால் கடைசிவரை படிப்பாய்.

வருகிற 27ஆம் தேதியோடு ஏழு வருஷம். அந்த டிசம்பரில் உன்னை ஏன் மலைக்குக் கூட்டிப்போனேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் நம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அந்த வீட்டு ஆட்களும் இருக்கிறார்கள். உனக்கும் எனக்கும் அம்மாவுக்கும் தெரிந்தது போதும். ஒரு பத்து நாளாவது நீ அந்தச் சுவர்களுக்கு வெளியே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இவ்வளவுதான் எழுத முடியும்.

அந்த ராத்திரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அது நம் இருவருடையது. மேல் முகாம். மூன்று மணிக்கு உச்சிக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் ஏழரைக்கே படுத்துவிட்டோம். நம் மூச்சே டென்ட்டின் உள்துணியில் பனியாகப் படிந்து, யார் அசைந்தாலும் பொடிப்பொடியாக முகத்தில் உதிர்ந்தது. நான் தூங்கிப்போனேன். விழிப்பு வந்தபோது பன்னிரண்டோ ஒன்றோ இருக்கும். சரசரவென்று நைலான் உரசும் சத்தம். நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும். நீ இடப்பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்திருக்கிறாய். உடம்பு திரும்பிவிட்டது, பை திரும்பவில்லை. பையோடு சேர்த்துத் தைத்த தலைமூடியின் திறப்பு மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க, உன் மூக்கும் வாயும் அதன் பக்கத்துத் துணிக்குள் போய்விட்டன. ஜிப் வலப்பக்கம், அதாவது இப்போது உன் முதுகுக்குப் பின்னால். உள்ளே இருந்தபடி கையை மடக்கி அதைத் தேடியிருக்கிறாய். முழங்காலை மடக்கவும் இடமில்லை, மம்மி வடிவப் பை காலை நோக்கிக் கூம்பிக்கொண்டே போகும். இதையெல்லாம் இன்று வரிசையாகச் சொல்ல முடிகிறது. அன்று எனக்குக் கேட்டது சத்தம் மட்டும்தான். கண்ணைக்கூடத் திறக்காமல் சொன்னேன்: "அக்கா, கொஞ்சம் அசையாம படேன்."

சத்தம் நின்றுவிட்டது.

மூன்று மணிக்கு ஹெட்லாம்பைப் போட்டபோது நீ மல்லாந்து, கை இரண்டையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி கிடந்தாய். "நீ போயிட்டு வாடா, எனக்கு முடியல" என்றாய். நான் போனேன். 12,500 அடியில் நின்று, எதிரே ஸ்வர்கரோஹிணி சிகரத்தின் மேல் முதல் வெயில் விழுவதைப் படம் எடுத்து, இறங்கி வந்து உன்னிடம் காட்டினேன். "நல்லா இருக்குடா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

அந்த வருஷம் எத்தனை பேர் எத்தனை விதமாக உன்னிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அசையாமல் இரு, பொறுத்துக்கொள், சத்தம் போடாதே. அதிலிருந்து கூட்டிக்கொண்டு போனவன் நான், போன இடத்தில் நானும் அதையே சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு அக்கா.

ஆனால் ஒன்று. தெரியாமல்தான் அந்தப் பையை வாங்கினேன், கஞ்சத்தனத்தால் இல்லை. பெட்டியில் மைனஸ் 5 என்று பெரிதாகப் போட்டிருந்தது, முகாமில் ராத்திரி மைனஸ் 8 போகலாம் என்றார்கள், உள்ளே ஒரு ஸ்வெட்டர் போட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அந்த எண் யாருக்கானது என்று அப்புறம்தான் படித்தேன். ஐஎஸ்ஓ 23537 என்று ஒரு தர அளவு இருக்கிறது, அதன்படி சோதித்த பையில் கம்ஃபர்ட், லிமிட் என்று இரண்டு எண் போடுவார்கள். கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் உடம்பைத் தளர விட்டுப் படுத்தால் தாங்கும் குளிர். லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, நடுங்காமல் எப்படியோ சமாளிக்கிற எல்லை. இரண்டுக்கும் நடுவில் ஐந்தாறு டிகிரி இருக்கும். பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்தது லிமிட். உனக்கான எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் எங்கோ சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. எனக்கான எண்ணைப் பார்த்து உனக்குப் பை வாங்கியிருக்கிறேன். எக்ஸ்ட்ரீம் என்று மூன்றாவதாக ஒன்றும் போடுவார்கள், அது தூங்குவதற்கான எண்ணே இல்லை, உயிர் தப்புவதற்கானது. வீட்டுப் பெண்களை மலைக்குக் கூட்டிப்போக நினைக்கிற யாராவது இதைப் படித்தால் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள்.

குளிர் பாதிதான் என்பதும் எனக்குத் தெரியும். நீ எப்படித் தூங்குவாய் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? மொட்டைமாடியில் ஒரே பாயில் பன்னிரண்டு வருஷம் படுத்திருக்கிறேன். இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால் இரண்டும் வயிற்றோடு, வலது கை கன்னத்துக்கு அடியில், அரை மணிக்கு ஒருமுறை புரண்டு, விடியும்போது பாய்க்கு வெளியே சிமென்ட் தரையில் கிடப்பாய். இவளுக்குப் பாய் வாங்குவதே தண்டம் என்று அம்மா சொல்லும். அப்படிப்பட்டவளை ஒரு குழாய்க்குள் போட்டு ஜிப்பை இழுத்திருக்கிறேன்.

நீயும் சொல்லியிருக்கலாம். இதையும் எழுதிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு மன்னிப்பு மட்டும் கேட்டால் பொய்யாகிவிடும். முதல் முகாமிலேயே, ஜூடா கா தலாபில், "எனக்கு இதில் தூக்கம் வரலடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜிப்பைத் திறந்து மேலே போர்த்திவிட்டிருப்பேன், என் பையையும் கொடுத்திருப்பேன். நீ சொல்லவில்லை. இறங்கி வந்த பிறகு, பெரியப்பா பேத்தி கல்யாணத்தில், அத்தனை பேர் நடுவில் "என் தம்பி என்னைச் சாக்குல போட்டுக் கட்டிட்டான்" என்று சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். பந்தியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று நீ சிரித்துச் சிரித்துப் பேசியதே பல மாதம் கழித்து என்பதால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சரி. பைக்கு வருகிறேன்.

மூன்று வகை பார்த்தேன். குவில்ட் என்று ஒன்று, அடிப்பக்கமே இல்லாத ரஜாய் மாதிரி. அடியில் நசுங்கிக் கிடக்கும் பஞ்சு எப்படியும் சூடு தராது என்பதால் அதை விட்டுவிட்டு, அடியில் விரிக்கிற படுக்கை மேட்டோடு வாரால் கட்டிக்கொள்கிறார்கள். எடை குறைவு. ஆனால் உன்னைப் போல் புரண்டால் ஓரம் தூக்கிக் குளிர் உள்ளே வரும். வெயில் கால மலைக்குப் பார்க்கலாம், பனிக்கு வேண்டாம். பிக் ஆக்னஸ் கம்பெனிப் பைகள் சிலவற்றில் அடியில் ஒரு உறை இருக்கும், மேட்டை அதற்குள் செருகிவிட்டால் எவ்வளவு உருண்டாலும் மேட்டைவிட்டு இறங்க மாட்டாய். அது பிடித்திருந்தது, ரொம்ப யோசித்தேன். கடைசியில் எடுத்தது நீமோ கம்பெனியின் டிஸ்கோ. கரண்டி வடிவம் என்கிறார்கள்: முழங்கைக்கும் முழங்காலுக்கும் அகலம், இடுப்பில் கொஞ்சம் ஒடுங்கி இருக்கும். அகலத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்றால், முழங்காலை மடக்கும்போது அது பையின் சுவரை முட்டித் தள்ளக் கூடாது. தள்ளினால் அந்த இடத்தில் உள்ளே அடைத்த தூவி, அதாவது பறவையின் மெல்லிறகு, நசுங்கி, முழங்கால் மட்டும் ஜில்லிட்டுப் போகும். அதற்காக அளவுக்கு மீறிப் பெரிதாக எடுத்தாலும் வம்பு, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உன் உடம்பே சூடாக்க வேண்டியிருக்கும்.

தலைமூடியை இழுத்துக் கட்டவே வேண்டாம். மங்கி குல்லா போட்டுக்கொள், நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் அது கூடவே திரும்பும். பைக்குள் மூச்சு விடக் கூடாது, மூச்சின் ஈரம் தூவியில் ஏறினால் அது சுருங்கிச் சூடு போய்விடும். அடியில் போட அந்த மெல்லிய ஃபோம் மேட் மட்டும் இல்லை இந்த முறை. ஒருக்களித்துப் படுத்தால் எடை முழுக்க இடுப்பெலும்பிலும் தோளிலும்தான், மூன்று நாள் உனக்கு இடுப்பு வலித்ததற்குக் காரணம் நடை இல்லை, அந்த மேட்தான். எட்டு சென்டிமீட்டர் கனத்தில் காற்றடைக்கும் மேட் வாங்கியிருக்கிறேன், அதற்கு அடியில் பழைய ஃபோமையும் போடுவோம். பனித்தரையில் இரண்டின் காப்பும் ஒன்றோடொன்று கூடும்.

பை வந்ததும் சின்ன உறையிலிருந்து எடுத்து வெளியே போட்டுவை, அமுக்கியே வைத்திருந்தால் தூவி செத்துவிடும். அப்புறம் ஒரு ராத்திரி கூடத்தில் மேட்டை விரித்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே படு. இடம், வலம், குப்புற, உன் இஷ்டத்துக்குப் புரண்டு பார். ஜிப் இடப்பக்கம் இருக்கும், நீ ஒருக்களிக்கும்போது முகத்துக்கு நேரே, வலது கை எட்டும் தூரத்தில். அதை மட்டும் விற்பவர்களிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்தேன். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை திறந்து மூடிப் பார்.

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். கல்யாண வீட்டில் இல்லை, என்னிடம்.

மலையடிவாரத்துச் சாங்கிரி கிராமத்தில் அதே வீட்டில் இடம் கேட்டிருக்கிறேன். 24ஆம் தேதி டேராடூன் போய்ச் சேர்ந்தால் போதும். உனக்கும் சேர்த்து டிக்கெட் போடட்டுமா?

தம்பி