ஒப்பாரிக்கு நடனம் வேண்டாம்: பர்மா நினைவு நாள் விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுவின் பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

டிசம்பர் 23 அன்று நம் ஊர் நகர விடுதியில் நடக்கவிருக்கும் நிகழ்ச்சியின் நிரலைப் பார்த்தேன். 1941-இல் ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய அதே நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். போர்க்கால ஆடல் பாடலை மேடையில் மீண்டும் காட்டுவதிலும் எனக்கு மனப்பூர்வமான சம்மதம். ஆனால் அது அந்தக் காலத்து ஆடல் பாடலாகவே இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

1942-ஆம் ஆண்டுக் காட்சிக்கு ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ நடனம் என்று போட்டிருக்கிறீர்கள். பாரதியின் வரிகள் பழையவைதான். நீங்கள் ஒலிக்கவிடப்போகும் பாட்டோ 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தினுடையது. அந்தப் படம் நம் காரைக்குடியில் எடுக்கப்பட்டது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அதற்குத் தனி விழாவே எடுக்கலாம். போருக்கு அஞ்சி பர்மாவை விட்டுக் கிளம்பி, எல்லை ஊரான தமு வழியாக இம்பாலுக்குக் காட்டிலும் மலையிலும் நடந்து, காலராவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் செத்துப்போனவர்களின் காட்சிக்கு அது பொருந்தாது.

அந்த ஆண்டுகளுக்கு உரிய இசைக்கா பஞ்சம்? 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. போர் நடந்த வருடங்களில்தான் மேடைக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்ற குரல் ஓங்கி ஒலித்தது. 1943-இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படை உருவானபோது, மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழ்ப் பெண்கள் அதில் சேர்ந்தார்கள். அந்த ராணுவத்தின் நடைப்பாட்டான ‘கதம் கதம் படாயே ஜா’வுக்கு நம் பள்ளி மாணவிகள் காக்கி உடையில் அணிவகுத்து வரட்டும். ஒரு முரசு போதும். பதிவு செய்த பின்னணி இசை வேண்டாம். காலடி ஓசை காதில் விழ வேண்டும்.

என்னை மிகவும் வருத்தியது கடைசி நிகழ்ச்சி: வண்ண விளக்குகளோடு ‘ஒப்பாரி நடனம்’.

எங்கள் ஆயாவின், அதாவது பாட்டியின், அண்ணன் பர்மாவில் ஒரு கிட்டங்கியில் (வட்டிக்கடையில்) பெட்டியடிப் பையனாக, எடுபிடி வேலைக்கு இருந்தவர். ஊர் திரும்பவே இல்லை. அவருக்காகப் பாடிய ஒப்பாரியை நாங்கள் கேட்டால், வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் ஆயா அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு, மெட்டை விட்டு வார்த்தைகளை மட்டும் மெதுவாகச் சொல்வார். விளக்கு ஏற்றும் வீட்டில் சாவில்லாமல் அந்த ராகத்தை இழுக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். நம் ஊரில் இன்னும் எத்தனையோ ஆச்சிமார் அப்படித்தான். அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அதற்கு அபிநயம் பிடித்து, முடிந்ததும் கைதட்டுவதா?

அந்த நேரத்தில் இறந்தவர்களின் பெயர்களை வாசியுங்கள். முதலாளி வீட்டுப் பெயர்களோடு நிறுத்திவிடாதீர்கள். கப்பல் டிக்கெட் வாங்க வசதி இருந்தவர்கள் முன்னதாகவே கரை சேர்ந்தார்கள். கடையில் உதவிக்கு இருந்த அடுத்தாள், சமையல்காரர், மூட்டை தூக்கியவர் போன்றோரில் பலர் நடந்தே வந்தார்கள். சுற்றுக் கிராமங்களில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அழைப்பிதழ் அவர்களுக்கும் போக வேண்டும்.

ஆட்டம் வேண்டும் என்றால் கும்மி இருக்கிறது. போர்க்காலத்திலும் நம் பெண்கள் கும்மி கொட்டினார்கள். வட்டமாக நின்று, குனிந்து ஒரு கொட்டு, நிமிர்ந்து ஒரு கொட்டு என்று அடி மாற்றுவதை ஆச்சிமாரிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டும். வீடியோ பார்த்து வராது. பெண்பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு வளவுக்கு அனுப்பிவையுங்கள். பாடத் தெரிந்த ஆச்சிமாரை அழைத்து வருவது என் பொறுப்பு. ஒத்திகை தொடங்குவதற்கு முன் குழு கூடி, நிரலை மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பர்மாவில் ஓர் உறவை இழந்த வீட்டுப் பேத்தி