அந்தக் கழுத்தணிக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மகளிர் பக்கத்தில் நட்சத்திரங்கள் உடுத்திய பழைய உடைகளையும் நகைகளையும் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நியூயோர்க்கில் ஆண்டுதோறும் நடக்கும் மெட் காலா ஆடை அலங்கார விழாவில், 2022இல் கிம் கர்தாஷியன் அணிந்து வந்த மரிலின் மன்றோவின் உடைக்கு அதில் அரைப் பக்கம். 1962இல் கெனடியின் பிறந்தநாள் விழாவில் மன்றோ அதை உடுத்திப் பாடியது, 2016இல் 48 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது, அதை இன்னொருவர் உடுத்தியது சரியா என்ற சர்ச்சை, எல்லாம் இருந்தது. அதே இரவு, அதே படிக்கட்டில் அமெரிக்க யூடியூபர் எம்மா சேம்பர்லென் கழுத்தில் கிடந்த வைர அட்டியலுக்கோ "பழைய கார்ட்டியர் நகை" என்று மூன்றே சொல்.

அது பாட்டியாலா மகாராஜாவின் நகை என்று இந்தியாவில் அப்போதே எவ்வளவு கோபம் கிளம்பியது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த மகாராஜா பூபிந்தர் சிங் தன் கருவூலக் கற்களைப் பாரிஸுக்கு அனுப்பி, 1928இல் அங்குள்ள கார்ட்டியர் நகை நிறுவனம் முடித்துக்கொடுத்த பெரிய மாலையின் கதையும் உங்களுக்குத் தெரியும். 2,930 வைரங்கள், நடுவில் 234.65 கரட் டி பியர்ஸ் வைரம். 1948 வாக்கில் மாலை காணாமல் போனது. நடுக்கல் 1982இல் ஜெனீவா ஏலத்தில் தலைகாட்டியது. 1998இல் லண்டனில் பெரிய கற்கள் இல்லாத வெறும் பிளாட்டினச் சங்கிலிகள்தான் அகப்பட்டன. மன்றோவின் உடையை விட இது சின்னக் கதையா? 2025இல் பஞ்சாபிப் பாடகர் டில்ஜித் டொசாஞ்ச் அந்த மகாராஜாவை நினைத்தே உடுத்து, தலைப்பாகையோடு அதே மெட் காலாவுக்குப் போனார். அசல் மாலையைக் கேட்டும் கிடைக்கவில்லை என்று அவர் தரப்பில் சொன்னார்கள். கடைசியில் ஜெய்ப்பூர் நகைக்காரர்கள் செய்துகொடுத்ததைத்தான் போட்டார். உங்கள் கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

இது முதல் தடவையும் இல்லை. இளவரசி டயானாவின் மோதிரம் கேட்டின் விரலுக்கு வந்த கதையை நீங்கள் எத்தனையோ முறை எழுதிவிட்டீர்கள். அந்த 12 கரட் நீலம் இலங்கைக் கல் என்று இலங்கைப் பத்திரிகையே எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

நான் திருகோணமலையில் மணப்பெண் அலங்காரம் செய்பவள். அப்பா நகைப் பத்தர். 1950இல் இங்கே கிணறு வெட்டும்போது கோணேசர் கோயிலின் பழைய வெண்கலத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தனவே, அவற்றின் கழுத்தில் வார்த்திருக்கும் ஆரங்களைப் பார்த்துப் பார்த்து அப்பா ஓர் அட்டியல் வரைந்தார். சின்னச் சின்ன இதழ்களாக அடுக்கி, நடுவில் தொங்கும் பதக்கத்தில் ஒரே ஒரு சிவப்புக் கல். எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் அதைப் போட்டுத்தான் மணவறையில் இருந்தார்கள். பிறகு ஒரு பெரிய நகைக்கடை, பழுது பார்க்க வந்த ஒன்றைப் படமெடுத்து, அச்சு மாறாமல் செய்து, "இந்திய அன்டிக் டிசைன்" என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தது. அப்பா போய்க் கேட்டார். "டிசைனுக்கு ஏது ஐயா சொந்தக்காரர்?" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. இன்று என்னிடம் வரும் பிள்ளைகள் ஃபோனில் அதே அட்டியலைக் காட்டி, "அக்கா, இந்த இந்தியன் மொடல் வேணும்" என்கிறார்கள். அவர்களில் எனக்குக் கோபமில்லை. அவர்கள் வாசிக்கும் பக்கங்களில் அப்படித்தான் இருக்கிறது.

திருகோணமலை என்றால் உங்கள் சுற்றுலா இணைப்புக்கு நிலாவெளியும் திமிங்கிலமும்தான். எங்களுக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் கிடைத்ததாகச் சொல்லும் பொன்முலாம் பூசிய, தாரை என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் சிலை 1830 முதல் லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்த மகுடத்தின் வேலைப்பாட்டைப் பார்த்தால் இந்தக் கரையில் பொன்வேலை எவ்வளவு பழையது என்று விளங்கும். அதைப் பற்றி ஒரு பத்தி போடச் சொல்லி முன்பும் எழுதினேன். பதில் வரவில்லை. வேலைப்பளு இருந்திருக்கும், சரி.

இப்போது நான் கேட்பது சின்ன விஷயம். நகைப் படம் போடும்போது கீழே ஒரு வரி சேருங்கள்: யாருக்காகச் செய்தது, எந்த ஆண்டு, எந்த ஊர்க் கல், தெரிந்தால் செய்தவர் பெயர். உடைக்கு எழுதிய உங்களுக்கு நகைக்கும் எழுதுவது கஷ்டமாக இராது. கடந்த ஞாயிறு வந்த அந்தப் படத்துக்கும் வரும் இதழில் ஒரு திருத்தம் போட்டால் நன்றி.

இப்படிக்கு,
பத்தர் மகள் ஒருத்தி,
திருகோணமலை.