வானம் தெளிந்திருக்கும் மாதங்களில் தொலைநோக்கியைத் திறக்க அனுமதியுங்கள்

எங்கள் பள்ளியின் இரவு வான்நோக்கலுக்கு அனுமதி வழங்கும் பொறுப்பில் உள்ள அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு வணக்கம்.

எங்கள் பள்ளித் தொலைநோக்கி பற்றிய கோப்பு உங்களிடமே இருப்பதால் அதன் வரலாற்றை இங்கே மறுபடியும் எழுதவில்லை. டிசம்பரில் நாங்கள் கொடுத்த விண்ணப்பத்துக்கு, ஒரே ஓர் இரவுக்கான அனுமதிக் கடிதம் ஜூன் மாதத்தில் வந்து சேர்ந்தது. தென்மேற்குப் பருவமழை இறங்கிய பிறகு உதகையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு நட்சத்திரத்தைக் காண்பதே அரிது என்பது இந்த மலையில் பணியாற்றும் உங்களுக்குத் தெரியாததல்ல. உறைபனி விழும் ஜனவரியும் பிப்ரவரியும் தான் எங்களுக்கு வானம் திறக்கும் காலம். அந்தக் காலம் முழுவதும் கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை, வானம் தெளிந்த மாலைகளில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே தொலைநோக்கியைப் பயன்படுத்த நிலையான அனுமதி வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

இது பொழுதுபோக்குக்காகக் கேட்பதல்ல. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில், இரு பிளவுகளின் வழியே வரும் ஒளி சேர்ந்து ஒளிக்கோடுகளும் கருங்கோடுகளும் தோன்றுவதைக் காட்டும் யங் இரட்டைப் பிளவு ஆய்வும், நெருங்கிய இரு புள்ளிகளைத் தனித்தனியே காட்டும் திறனாகிய பிரிதிறனும் ஒரே பாடத்தில் வருகின்றன. துளையின் விட்டம் பெருகப் பெருகப் பிரிதிறன் கூடும் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்த இரண்டு பகுதிகளும் சேர்ந்து இன்றைய வானியலில் என்ன செய்கின்றன என்பதைக் கரும்பலகை காட்டாது. சிலி நாட்டின் பரனால் மலையில் 8.2 மீட்டர் ஆடி கொண்ட நான்கு தொலைநோக்கிகள் நிற்கின்றன. அவை திரட்டும் அகச்சிவப்பு ஒளியைச் சுரங்கப் பாதைகளின் வழியே ஓரிடத்துக்குக் கொண்டுவந்து ஒன்றுசேர்க்கும்போது, 130 மீட்டர் வரை அகன்ற ஒரே ஆடிக்குரிய நுண்மை கிடைக்கிறது. அவ்வளவு பெரிய ஆடியை வார்க்க எவராலும் இயலாது. ஒளியின் அளவு நான்கு ஆடிகள் திரட்டியது மட்டுமே. நுண்மையோ அவற்றுக்கு இடையிலான தொலைவிலிருந்து வருகிறது. நம் பால்வழி மண்டலத்தின் மையத்தில் உள்ள கருந்துளையை ஒட்டி எஸ்2 என்ற நட்சத்திரம் 2018-இல் கடந்து சென்றதை இந்த முறையில்தான் அவ்வளவு துல்லியமாகப் பின்தொடர்ந்தார்கள். இடையிலுள்ள தூசு கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிடுவதால் அங்கே அகச்சிவப்பு இன்றியமையாதது.

எங்கள் மாணவர்களுக்கு இந்தச் சிந்தனை அயலானதும் அல்ல. அவர்களில் பலர் பேருந்தில் வரும் வழியிலேயே, முத்தோரைச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கிறார்கள். அது 1970 முதல் இயங்குகிறது. 1980களில் அதனோடு சிறிய ஆன்டெனாக்களை இணைத்து, பல கருவிகளை ஒன்றாக்கும் பணி இதே மலையில் நடந்தது. பின்னர் புணே அருகே 45 மீட்டர் ஆன்டெனாக்கள் முப்பது எழுந்தன. ரேடியோ அலையை மின்குறிப்பாக மாற்றிக் கம்பியில் கொண்டுவந்து சேர்க்கலாம். முத்தோரைக் கருவி வாங்கும் அலையின் நீளம் சுமார் 92 சென்டிமீட்டர். பரனாலில் பயன்படும் அகச்சிவப்பு அதைவிட ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு குறுகியது. அவ்வளவு வேகமான அதிர்வை ரேடியோ அலையைப் போல மின்குறிப்பாக்கிச் சேர்ப்பது கடினம். ஆகையால் அங்கே ஒளியையே சந்திக்கவைக்க வேண்டும். பூமி சுழலச் சுழல மாறிக்கொண்டே போகும் பாதை வேறுபாட்டை, தண்டவாளத்தில் நகரும் ஆடிகளைக் கொண்டு மைக்ரோமீட்டருக்கும் குறைவான பிழையில் ஈடுகட்ட வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் கருவிக்கும் பாடநூலுக்கும் உள்ள இந்த உறவை நம் பிள்ளைகள் அறியாமல் பள்ளியை விட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

இதைக் காட்டுவதற்கு எங்களுக்கு வேண்டியது ஓர் அட்டை மட்டுமே. ஆறு அங்குலத் தொலைநோக்கியின் வாயை அட்டையால் மூடி, மையங்களுக்கு இடையே 10 சென்டிமீட்டர் தொலைவு இருக்குமாறு அதில் 3 சென்டிமீட்டர் துளைகள் இரண்டு இட்டு, வானில் உயர்ந்து நிற்கும் சிரியஸை அதிக உருப்பெருக்கத்தில் நோக்கினால், நட்சத்திரம் ஒரு சிறு வட்டமாக விரிந்து அதன் குறுக்கே கருங்கோடுகள் தெரியும். காற்று அலைக்கழித்தால் கோடுகள் நடுங்கும், ஆனால் மறையா. ஒரு துளையைக் கையால் மறைத்தால் கோடுகள் இல்லாமல் போகின்றன, கையை எடுத்தால் திரும்புகின்றன. நண்பர் ஒருவரின் கருவியில் இதை நானே பார்த்திருக்கிறேன். 1920 டிசம்பரில் மைக்கல்சன், பீஸ் என்ற அறிவியலாளர்கள் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியின் மேல் 20 அடி உத்தரம் ஒன்றைப் பொருத்தி, நம் திருவாதிரை நட்சத்திரத்தின் விட்டத்தை முதன்முதலாக அளந்ததும் அந்த உத்தரத்தின் ஆடிகளை எவ்வளவு இடைவெளியில் வைக்கும்போது இந்தக் கோடுகள் மங்குகின்றன என்பதைப் பார்த்துத்தான்.

இப்போது எங்கள் பள்ளித் தொலைநோக்கியின் நிலையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் என்பதால் அது பூட்டிய அறையில் வைக்கப்பட்டிருக்கிறது. தணிக்கையின்போது மட்டும் பெட்டி திறக்கப்படுகிறது. சென்ற முறை திறந்தபோது பெட்டிக்குள் இருந்த தெர்மோகோல் ஈரத்தில் நைந்திருந்தது, கண்ணருகு வில்லை ஒன்றில் பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்திருந்தது, ஆடியின் விளிம்பில் அலுமினியப் பூச்சு புள்ளி புள்ளியாக உதிரத் தொடங்கியிருந்தது. பதிவேட்டில் அன்றும் "நல்ல நிலையில் உள்ளது" என்றே எழுதப்பட்டது. உதகையின் ஈரத்தில் மூடிவைத்த கண்ணாடி கெடும். எடுத்துத் துடைத்துக் காயவைத்துப் பயன்படுத்தினால்தான் நிலைக்கும். பழைய மாணவர்கள் தங்கள் சம்பளத்தில் சேர்த்து வாங்கித் தந்த பொருள் அது. அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒளியைப் பற்றிய ராமனின் கண்டுபிடிப்பை நினைவுகூரும் பிப்ரவரி 28 அன்று கோலப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்தி, புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லும் சுற்றறிக்கை ஆண்டு தவறாமல், உரிய நாளுக்கு முன்பே வருகிறது. அன்று மாலை மேகமில்லாத வானத்தின் கீழ் அறைக்குப் பூட்டுப் போடப்படுகிறது. விழாவுக்கு நான் எதிரி அல்லன்; அதே வேகத்தில் எங்கள் விண்ணப்பமும் நகர்ந்திருக்க முடியும் என்பதையே சுட்டிக்காட்டுகிறேன்.

காட்டெருமையும் கரடியும் நடமாடும் ஊரில் பிள்ளைகளை இரவில் நிறுத்தத் தயங்குகிறீர்கள் என்றால் அந்தத் தயக்கம் நியாயமானது. ஆகவேதான் மாலை 6.30 முதல் 8.30 வரை, சுற்றுச்சுவருக்குள், பெற்றோர் உடனிருக்க நடத்துவதாக விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கிறோம். சாவிக்கும் கருவிக்கும் பொறுப்பேற்று நான் கையெழுத்திடுகிறேன். ஜனவரி முதல் மார்ச் வரையிலான நிலையான அனுமதியை, ஓர் இரவுக்கு ஒரு கோப்பு என்றில்லாமல் ஒரே ஆணையாக, வரும் டிசம்பர் இறுதிக்குள் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆடிக்கு மறுபூச்சு இடும் செலவைப் பழைய மாணவர்கள் ஏற்க முன்வந்திருக்கிறார்கள். அதற்காகக் கருவியை வெளியே அனுப்பவும் அதே ஆணையில் இசைவு தாருங்கள்.

இப்படிக்கு,
முதுகலை இயற்பியல் ஆசிரியர்,
உதகை வட்டம்