மொழிபெயர்ப்புக் கேள்வியைத் தூக்கிவிடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கல்விப் பக்கத்தில் பாகிஸ்தானின் மெட்ரிக் ஆங்கிலப் பரீட்சை பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். அந்நாட்டுப் பிள்ளைகள் பத்து வருடம் ஆங்கிலம் படித்தும் நாலு வார்த்தை கதைக்க முடியாமல் நிற்கிறார்கள், வினாத்தாளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் உருது–ஆங்கில மொழிபெயர்ப்புத்தான் அதற்குக் காரணம், அதை முதலில் தூக்க வேண்டும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். மற்றவற்றில் பெரும்பாலானவை சரி. இந்த ஓர் இடத்தில் மட்டும் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

2009 முதல் 2017 வரை நான் பாகிஸ்தானின் பைசலாபாத்தில் இருந்தேன். கணவருக்கு அங்கே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அதற்கு முன் வத்தளையில் ஆங்கிலம் படிப்பித்தவள் என்பதால் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று புத்தகத்தோடு வந்தது. அப்புறம் அதன் சிநேகிதிகள். இரண்டு வருடத்தில் எங்கள் வரவேற்பறையில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் பதினொரு பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். காசு வாங்கவில்லை. தாய்மார் "பாஜி, பாஜி" என்று ரொட்டியும் கீரைக் கறியும் கொண்டுவந்து தருவார்கள். பாஜி என்றால் அக்கா.

கட்டுரையில் வினாத்தாளைப் பற்றி அதிகம் இல்லாததால் நான் பார்த்த அளவில் சொல்கிறேன். பைசலாபாத் இருக்கும் பஞ்சாப் மாகாணத்தில் மெட்ரிக் என்பது ஒன்பதாம், பத்தாம் வகுப்புகள் சேர்ந்தது. ஒவ்வொரு ஊர்ப் பக்கத்துக்கும் பரீட்சை நடத்த ஒரு போர்டு, எங்களுடையது பைசலாபாத் போர்டு. ஆங்கிலம் கட்டாய பாடம். நான் இருந்த காலத்தில் வருடத்துக்கு 75 புள்ளி. முதல் 20 நிமிடத்தில் 19 புள்ளிக்கு விடையைத் தெரிவுசெய்து வட்டத்தை நிரப்ப வேண்டும், மிச்சம் 56 எழுத்தில். அப்போது தேறுவதற்கு நூற்றுக்கு 33, அதாவது 75இல் 25 எடுத்தால் போதுமாக இருந்தது. அந்த 25 வராமல் திரும்ப எழுதப் போவதை அங்கே "ஸப்ளி வந்துவிட்டது" என்பார்கள். எந்தப் பாடத்தில் ஸப்ளி என்று கேட்டால், என்னிடம் வந்த வீடுகளில் எல்லாம் ஒன்றில் ஆங்கிலம், இல்லாவிட்டால் கணக்கு.

எழுத்துப் பகுதியில் பாடநூல் கேள்விகள், பாடநூல் பத்தி ஒன்றை உருதுவுக்கு மாற்றுவது, கவிதைச் சுருக்கம், கடிதம் அல்லது கதை, பத்தாம் வகுப்பில் கட்டுரை. இவ்வளவும் மனப்பாடத்துக்குள் அடங்கிவிடும். "ரட்டா" என்பது அதற்கு அவர்கள் சொல்லும் பெயர். ரட்டா அடித்தால் புள்ளி வரும், அடிக்காவிட்டால் வராது. இதைப் பிள்ளையின் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது, தாள் கேட்பதே அதைத்தானே. மணிக்கூண்டைச் சுற்றிய எட்டுக் கடைவீதிகளில் அமீன்பூர் பஜாருக்குப் போனால் பரீட்சைக் காலத்தில் கெஸ் பேப்பர்களும் (வரக்கூடிய கேள்விகளை ஊகித்துப் போட்ட தாள்கள்) கைடுகளும் மலைபோலக் குவிந்து கிடக்கும். கூடவே தலைப்பு எழுதுவதற்கென்றே நுனி வெட்டிய மார்க்கர் பேனா. பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைகூட அந்த மார்க்கர் ஒன்றை எப்படியாவது வாங்கிவிடும்.

ஒரு தடவை "என் சிறந்த ஆசிரியர்" என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பதினொரு பேரில் எட்டுப் பேர் ஒரே ஆசிரியரைப் பற்றி எழுதினார்கள். அவர் ஆங்கிலத்தில் எம்.ஏ., உயரமானவர், நேரம் தவறாதவர், கோபப்படாதவர். இந்தப் பிள்ளைகள் படித்தது பெண்கள் பள்ளி. அங்கே ஆண் ஆசிரியர் ஒருவர்கூட இல்லை. அந்த மனிதர் கைடிலிருந்து நேராக வந்தவர். எட்டுத் தாளிலும் இரண்டாவது பத்தியில் ஒரே மேற்கோள், மார்க்கரில், நடுவில். எனக்கு அன்று மனசு கனத்துப் போயிற்று. அவர்களுக்குப் பிடித்த ஆசிரியை யார் என்று உருதுவில் கேட்டேன். ஒருத்தி ஐந்தாம் வகுப்பு மிஸ்ஸைப் பற்றி, அந்த மிஸ் தன் தலையில் பேன் பார்த்துவிட்டதைப் பற்றி, பத்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னாள். அதை எழுதேன் என்றால், "மிஸ், அது பேப்பரில் வராது" என்றாள்.

இப்போது மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். நான் இருந்த காலத்தில் ஒன்பதாம் வகுப்பில் தனித்தனி உருது வாக்கியங்களை ஆங்கிலமாக்க வேண்டியிருந்தது, பத்தாம் வகுப்பில் ஒரு பத்தியை. அங்கே காலங்களைச் சொல்லிக்கொடுப்பதே வாக்கிய முடிவை வைத்துத்தான். "தா ஹை, தீ ஹை" என்று முடிந்தால் சாதாரண நிகழ்காலம். "ரஹா ஹை" என்றால் நடந்துகொண்டிருப்பது. "சுக்கா ஹை" என்றால் முடிந்துவிட்டது. பிள்ளைகள் இதை வாய்ப்பாடுபோல ராகம் போட்டுச் சொல்வார்கள். கட்டுரையாளர் இதைத்தான் இயந்திரத்தனம் என்கிறார். ஆனால் அந்த வாய்ப்பாட்டைச் சொல்லி முடித்தபின் பிள்ளை தனியாக நிற்கிறது. வினைச்சொல் எது, யார் செய்தது, எப்போது செய்தது என்று அதுவே தேட வேண்டும். அந்தத் தேடலுக்கு அந்தத் தாளில் வேறு எங்கும் இடம் கிடையாது.

எங்கள் பிள்ளைகளில் ஒருத்திக்கு ஒன்பதாம் வகுப்பில் 75க்கு 19. அப்பா விசைத்தறித் தொழிலாளி. வீட்டுக்குப் பின்சுவரோடு ஒட்டிப் பன்னிரண்டு தறி ஓடும் கூடம். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். அப்போதைய ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் சுற்றுப்புறச் சத்தத்தைப் பற்றியே ஒரு பாடம் இருந்தது. அந்தப் பிள்ளை தறிச் சத்தத்துக்கு நடுவில் காதைப் பொத்திக்கொண்டு, சத்தத்தின் தீமைகளை ரட்டா அடித்தவள். தான் படிப்பது தன் வீட்டைப் பற்றித்தான் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. அந்த வருடங்களில் பஞ்சாபில் மின்வெட்டு கடுமை. ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த மணி நேரம் இல்லை. கரண்ட் இருந்தால் தறி ஓடும், படிக்க முடியாது. கரண்ட் போனால் தறி நிற்கும், வீடு அமைதியாகும், ஆனால் இருட்டு. தறி நின்றால் அப்பாவுக்கு அந்த மணி நேரத்துக் கூலியும் இல்லை, அவருக்குத் துணி அளவுக்குத்தான் காசு.

'சுக்கா தா', அதாவது முன்பே முடிந்துவிட்டிருந்தது என்ற பாடத்துக்கு எல்லாக் கைடிலும் ஒரே உதாரணம்: வைத்தியர் வருவதற்கு முன்பே நோயாளி இறந்துவிட்டிருந்தார். நான் வத்தளையில் படிப்பித்த புத்தகத்திலும் அதே நோயாளிதான். சரி, இந்த நோயாளியை விடுங்கள், உங்கள் வீட்டிலிருந்து ஒரு வாக்கியம் உருதுவில் எழுதி, அதை ஆங்கிலமாக்குங்கள் என்றேன். இந்தத் தறிக்காரர் மகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு எழுதினாள்: "நான் விளக்கைக் கொளுத்துவதற்கு முன்பே தறிகள் நின்றுவிட்டிருந்தன." ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஹேட் ஸ்டாப்ட்' என்பதை இரண்டு முறை அழித்து மூன்றாம் முறை சரியாகப் போட்டாள். அந்தக் கொப்பியை இன்னும் கண் முன்னால் பார்க்கிறேன். அழிறப்பர் தேய்த்து அந்த இடத்தில் தாள் மெலிந்து, அடுத்த பக்கத்து எழுத்து தெரிந்தது. அவள் வாழ்க்கையில் சொந்தமாக எழுதிய முதல் ஆங்கில வாக்கியம் அதுதான். அது வந்தது மொழிபெயர்ப்பிலிருந்துதான், கட்டுரைப் பயிற்சியிலிருந்து இல்லை.

இன்னொன்று. உருதுவில் 'ஸே' என்று ஒரு சொல் இருக்கிறது. காலையிலிருந்து படிக்கிறான் என்பதற்கும் 'ஸே'தான், இரண்டு மணி நேரமாகப் படிக்கிறான் என்பதற்கும் 'ஸே'தான். ஆங்கிலத்தில் ஒன்றுக்கு 'சின்ஸ்', மற்றதற்கு 'ஃபார்'. பிள்ளைகள் வருடம் முழுக்க இதில் தடுக்கி விழுவார்கள், போர்டும் இதைத் தவறாமல் கேட்கும். நான் சின்ன வயதில் இதில் தடுமாறியதாக ஞாபகமே இல்லை. யோசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது, நம்முடைய தமிழ் இதை ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. தொடங்கிய நேரத்துக்கு 'இலிருந்து', ஓடிய நேரத்துக்கு 'ஆக'. இதைப் பலகையில் தமிழில் எழுதியே காட்டினேன். அவர்களுக்குத் தமிழ் எழுத்து சங்கிலி வளையம் மாதிரித் தெரிந்ததாம். ஆனால் சொல் பிடித்துவிட்டது. அந்த வருடப் பரீட்சைக்கு முன்னால் பைசலாபாத்தின் ஒரு சந்தில் பஞ்சாபிப் பெண் பிள்ளைகள் "இருந்து – சின்ஸ், ஆக – ஃபார்" என்று சொல்லிக்கொண்டு நடந்தார்கள். வீட்டில் பஞ்சாபி, பள்ளியில் உருது, பரீட்சையில் ஆங்கிலம், நடுவில் என்னால் கொஞ்சம் தமிழ். ஒரு மொழியை இன்னொரு மொழிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இரண்டும் அவர்களுக்குத் துலங்கின.

அப்போதைய ஒன்பதாம் வகுப்பில் வேர்ட்ஸ்வொர்த்தின் 'டாஃபடில்ஸ்' கவிதையும் இருந்தது. சுருக்கம் எல்லாருக்கும் மனப்பாடம், ஆனால் அந்தப் பூ எதென்று ஒருவருக்கும் தெரியாது. குளிர் காலத்தில் தெருவில் கட்டுக் கட்டாக விற்கும் நர்கிஸ் பூவை வாங்கி வந்து நடுவில் வைத்தேன், டாஃபடில் இதன் குடும்பம்தான் என்று. ஒருத்தி பூவை முகர்ந்து பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் புதிதாகத் திறந்தாள். ஓர் உருதுச் சொல்லால் நடந்த காரியம் அது.

மொழிபெயர்ப்பையும் மனப்பாடம் செய்ய முடியாதா என்று கேட்டால், முடியும். பத்தாம் வகுப்பு உருதுப் பத்திகள் இலக்கணப் புத்தகத்தில் இருப்பவைதாம் என்பதால் அகாடமி எனப்படும் டியூஷன் நிலையங்களில் அவற்றையும் ஆங்கிலத்தோடு உருப்போட வைக்கிறார்கள். பாடநூல் பத்தியை உருதுவுக்கு மாற்றும் கேள்வியோ முழுக்க அப்படித்தான், முதல் இரண்டு சொல்லைப் பார்த்ததும் பிள்ளையின் கை தானாக ஓடும். இதற்கு மருந்து கேள்வியைத் தூக்குவது இல்லை. புத்தகத்தில் இல்லாத பத்தியைக் கொடுங்கள், அவ்வளவுதான். நான் செய்ததும் அதுதான். பத்தியில் விவசாயி வந்தால் தறிக்காரர் ஆக்குவேன், நேற்று என்று இருந்தால் நாளை ஆக்குவேன். முதல் மாதம் அழுதார்கள். மூன்றாம் மாதம் அவர்களே எனக்குப் பத்தி எழுதிக் கொடுத்து, "மிஸ், இதை மாற்றுங்கள் பார்ப்போம்" என்றார்கள்.

ஆங்கிலமே எதற்கு என்று கட்டுரையின் நடுவில் ஒரு வரி வருகிறது. 1973ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 251ஆம் பிரிவு பதினைந்து வருடத்துக்குள் உருதுவை ஆட்சி மொழியாக்க ஏற்பாடு செய்யச் சொன்னது. 2015 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. நான் அங்கே இருந்தபோது வந்த தீர்ப்பு அது, வீட்டுக்கு வீடு அதே பேச்சு. அந்தத் தறிக்கார அப்பா மட்டும் தன் மகள் ஆங்கிலத்தில் தேறுகிறாளா என்றுதான் என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. பெரிய வேலைக்கான பரீட்சைகள் அப்போதும் ஆங்கிலத்தில்தான் நடந்தன.

அந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்புத் தாளைத் திரும்ப எழுதி 41, பத்தாம் வகுப்பில் 52 எடுத்தாள். மொழிபெயர்ப்பில் எவ்வளவு என்று தனியாகத் தெரியாது, போர்டு பிரித்துச் சொல்வதில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்புத் தாளைத் திரும்ப எழுதி முடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, ஆங்கிலமாக்கக் கொடுத்திருந்த ஐந்து வாக்கியத்தையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். நான் கதவில் நின்றபடியே கேட்டேன்.

கடைசியாக, கட்டுரையாளர் விட்டுவிட்ட ஒரு விஷயம். கொரோனாவால் 2021இல் பாகிஸ்தானில் மெட்ரிக் பிள்ளைகளுக்கு விருப்பப் பாடங்களும் கணக்கும் மட்டும்தான் பரீட்சை. ஆங்கிலத் தாளே இல்லை. மற்றப் பாடங்களில் எடுத்ததை வைத்து ஆங்கிலத்துக்கும் புள்ளி போட்டார்கள். அந்த வருடம் பஞ்சாபில் பல நூறு பேருக்கு 1100க்கு 1100 வந்தது. நான் சொன்ன பிள்ளையின் தம்பி அந்த வருடத்தவன். அவனுக்கும் ஆங்கிலத்தில் நல்ல புள்ளி, ஒரு வரி எழுதாமலே. அடுத்த வருடம் மெட்ரிக்குக்கு மேலான இன்டர் வகுப்பில் உட்கார்ந்தபோது ஒரு பத்தியைக்கூடச் சொந்தமாக எழுத முடியாமல் திணறிப் போனான் என்று அக்கா தொலைபேசியில் சொன்னாள். குரலில் அவ்வளவு கவலை. கைடு வாங்கிக் கொடுத்தாயா என்று கேட்டேன். இல்லை மிஸ், தினமும் பத்து உருது வாக்கியம் நானே எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன், திரும்பி வந்து பார்ப்பேன் என்றாள். அன்றைக்கு 'ஸே' பாடமாம். தம்பிக்கு "இருந்து, ஆக" சொல்லிக்கொடுத்தேன், சரியாகச் சொல்கிறேனா என்று எனக்கு ஒரு முறை சொல்லிக் காட்டினாள். 'ஆக' சரியாக இருந்தது. 'இருந்து'வில் 'ரு' கொஞ்சம் அழுத்தம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்,
வத்தளை.