மீன் பெட்டிக்கு முன்னால் பல்லக்கு

ஆசிரியருக்கு,

வணக்கம். மீன், விமானம் போன்ற உருவங்களில் செய்யும் கானா நாட்டுச் சவப்பெட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ‘வினோதம்’ என்று திரும்பத் திரும்ப எழுதியவர், அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது, எப்படிச் செய்கிறார்கள் என்பதைத் தொடவே இல்லை.

தலைநகர் அக்ராவுக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் தெஷி, கா இனத்தாரின் மீனவ ஊர். அங்கே சேத் கானே க்வெய் என்ற தச்சர் நிறுவிய பட்டறையை, 1992இல் அவர் மறைந்தபின் குடும்பத்தாரே நடத்துகிறார்கள். 2005இல் பேரன் எரிக் அட்ஜெத்தே அனாங் பொறுப்பேற்றார். விமானத்தைக் கண்டு வியந்த தம் பாட்டிக்காக 1951இல் கானே க்வெய் விமான உருவில் பெட்டி செய்ததுதான் தொடக்கம் என்பது அந்தக் குடும்பம் சொல்லும் வரலாறு. கட்டுரையும் அதோடு நின்றுவிட்டது. அதற்கு முன்பே கா தலைவர்கள் விலங்கு போன்ற உருவங்களில் செய்த பல்லக்குகளில் பவனி வந்தார்கள். இறந்தபின் அதே உருவில் செய்த பெட்டியில் அடக்கம் செய்யப்பட்டார்கள். லா என்ற பக்கத்து ஊரின் அத்தா ஓகோ 1945 வாக்கிலேயே உருவப் பெட்டிகள் செய்தவர் என்று ஆய்வாளர் ரெகுலா ச்சூமி ஆய்ந்து எழுதியிருக்கிறார். கானே க்வெய்யின் பெருமைக்கு இதனால் குறைவில்லை. தலைவர்களோடு இருந்த வழக்கம் மீனவர், விவசாயி வீடுகளுக்கும் பரவியதில் அவர் பட்டறைக்குப் பெரும்பங்கு உண்டு. கா மொழியில் இவற்றுக்கு ‘அபேபூ அடெகாய்’, அதாவது பழமொழிப் பெட்டிகள் என்று பெயர். இந்தப் பெயரையாவது கட்டுரையில் சொல்லியிருக்கலாம்.

வேலைக்கு எடுப்பது பெரும்பாலும் வாவா மரம். எடை குறைவு, உளிக்கு இளகிக் கொடுக்கும். தூக்குபவர்கள் பெட்டியோடு தெருத்தெருவாக ஆடி ஓடுவதால் எடை முக்கியம். பூஞ்சையால் நீலக் கறை படிவதும் பூச்சி அரிப்பதும் இந்த மரத்தின் குறைகள்தான். மண்ணுக்குள் போகும் பெட்டிக்கு அவை பொருட்டல்ல. மீன் என்றால் வெளி நீளத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. வாலும் தலையும் குறுகிவிடும்; உடல் கிடப்பது வயிற்றுப் பகுதியில். ஆகவே உள்ளளவை முதலில் முடிவு செய்து, அதைச் சுற்றிப் பலகை கூட்டி, வாய்ச்சியால் செதுக்கி, இழைத்து, மூடியைப் பிரிக்க வேண்டும். பிறகு பட்டி (இடுக்கை அடைக்கும் பசை) பார்த்து, உப்புத்தாள் போட்டு, வர்ணம் அடித்து, உள்ளே துணி தைக்கிறார்கள். இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை உடல் பிணவறைக் குளிரில் இருக்கும். அடக்க நாள் நெருங்குகிறதென்று ஈர மரத்தில் கைவைத்தால், மரம் சுருங்கும்போது இணைப்பில் பட்டி விரிந்து, செதில் வரைந்த இடமெல்லாம் கோடு விழும். மீனின் துடுப்பு அகலத்தையும் குழி வெட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

1989இல் பாரிஸ் பொம்பிடு மையத்துக் கண்காட்சியில் இந்தப் பெட்டிகள் இடம்பெற்ற பிறகு அருங்காட்சியகங்களும் கேட்டு வாங்குகின்றன. அங்கே போகும் பெட்டிகள் பல ஆண்டு நிற்க வேண்டியவை என்பதால் மகோகனி போன்ற கெட்டி மரத்தில் செய்வதுண்டு.

ஒரு திருத்தம். ‘போர்வீரருக்கான பெட்டி’ என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பது வாள் உருவம். வாள், முக்காலி போன்றவை கா அரச குடும்பத்தாருக்கும் பூசாரிகளுக்கும் உரியவை. மற்றவர்களுக்குச் செய்யும் வழக்கமில்லை. அடுத்த இதழில் படக்குறிப்பை மாற்றி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

— மரவேலைப் பயிற்றுநர், நாகர்கோவில்